சாகாத கப்பல், செத்துப்போன கம்பெனி

நல்ல பொருள் செய்தால் கம்பெனி நன்றாக இருக்கும். தரம் இருந்தால் வாடிக்கையாளர் தேடி வருவார். பள்ளிக்கூடத்திலிருந்து மேனேஜ்மென்ட் வகுப்பு வரைக்கும் நமக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார்கள். பரீட்சையில் அப்படியே எழுதினால் மார்க்கும் விழும். ஆனால் இது எப்போதும் உண்மையா?

இல்லை என்பதற்கு ஒரு கம்பெனியின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் 'அமெரிக்கன் ஷிப் பில்டிங் கம்பெனி', சுருக்கமாக ஆம்ஷிப். இவர்கள் கட்டிய கப்பல்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்ததே இல்லை. பிறந்தது, வளர்ந்தது, சரக்கு சுமந்தது எல்லாமே ஏரியில்.

ஏரியில் சரக்குக் கப்பலா என்று சிரிக்காதீர்கள். நம்ம வீராணம், செம்பரம்பாக்கம் மாதிரி நினைத்தால் கணக்கு தப்பிவிடும். சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ என்று அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் ஐந்து பேரேரிகள். உலகத்தில் நிலத்தின் மேல் இருக்கும் நன்னீரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்த ஐந்தில் இருக்கிறது. நடுவில் நின்றால் கரை தெரியாது. நவம்பர் மாதப் புயலில் பெரிய கப்பலே காணாமல் போகும். 1975 நவம்பர் 10-ம் தேதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற 729 அடிக் கப்பல் சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஏன் அங்கே கப்பல்?

காரணம் இரும்பு. சுப்பீரியர் ஏரியைச் சுற்றி, முக்கியமாக மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில், மலை மலையாக இரும்புத் தாது. ஆனால் அதை உருக்கத் தேவையான நிலக்கரி இருப்பது தெற்கே, பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம். தாதுவைக் கரிக்குப் பக்கத்தில் கொண்டுபோக மலிவான வழி தண்ணீர்தான். சுப்பீரியர் ஏரி அடுத்த ஏரியைவிட சுமார் 21 அடி உயரத்தில் இருக்கிறது. நடுவில் வேகமான நீரோட்டம். 1855-ல் சூ செயின்ட் மேரி என்ற ஊரில் நீர்ப்பூட்டு கட்டினார்கள். கப்பல் ஒரு தொட்டிக்குள் போகும், கதவை மூடித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ கப்பலை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். அதோடு பாதை திறந்தது.

அந்தப் பாதைக்கென்றே ஒரு தனி வகைக் கப்பல் உருவானது. 1869-ல் கிளீவ்லாந்தில் கட்டிய ஆர். ஜே. ஹாக்கெட் என்ற மரக்கப்பல்தான் அதற்கு முன்மாதிரி. மாலுமி நிற்கும் அறை முன் நுனியில், எஞ்சின் பின் நுனியில், நடுவில் முழுக்கச் சரக்கு அறை. தளத்தின் மேல் வரிசையாகத் திறப்புகள். அந்தத் திறப்புகளுக்கு இடையே 24 அடி இடைவெளி, ஏனென்றால் மார்க்கெட் துறைமுகத்தில் தாது கொட்டும் குழாய்களின் அளவுக்கு அதுதான் ஒத்துப்போகும். கப்பலைத் துறைமுகத்துக்கு ஏற்ப வெட்டித் தைத்த சட்டை மாதிரி செய்திருக்கிறார்கள். 1882-ல் அதே வடிவம் ஓனோகோ என்ற பெயரில் இரும்பில் வந்தது. பிறகு எஃகு. அடுத்த நூறு வருடத்துக்கு ஏரிக் கப்பல் என்றால் பெரும்பாலும் இந்த உருவம்தான்.

1899: எல்லோரும் ஒரே குடைக்குள்

ஏரிக்கரையில் அப்போது சின்னதும் பெரியதுமாக நிறைய கப்பல் தளங்கள். ஒன்றை ஒன்று விலையில் வெட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் எல்லாத் தொழிலிலும் கம்பெனிகளை இணைத்துப் பூதாகாரமாக்கிய காலம் அது. 1899-ல் கிளீவ்லாந்தின் தளங்களும் மற்ற ஊர்த் தளங்களும் சேர்ந்து ஆம்ஷிப் ஆனது. சிகாகோ, டெட்ராய்ட், பஃபலோ, மில்வாக்கி, சுப்பீரியர் என்று ஏரிக்கரை முழுக்க அதன் கை நீண்டது. போட்டியாளர் என்று சொல்ல டெட்ராய்ட் பக்கம் 'கிரேட் லேக்ஸ் எஞ்சினியரிங் வொர்க்ஸ்' மாதிரி ஓரிருவர்தான். மேலே சொன்ன ஃபிட்ஸ்ஜெரால்டைக் கட்டியது அவர்கள். அந்தக் கம்பெனி 1960களின் தொடக்கத்திலேயே கடையைக் கட்டிவிட்டது.

ஆம்ஷிப்பின் இதயம் கடைசியில் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள லொரெய்ன் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தது. அங்கே 1898-லேயே சுப்பீரியர் சிட்டி என்ற கப்பலைத் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். முதல் உலகப்போரில் அரசாங்கத்துக்காகச் சரக்குக் கப்பல்கள் வரிசையாகக் கட்டினார்கள். அப்போது வெல்லண்ட் கால்வாயின் பழைய நீர்ப்பூட்டுகள் சின்னவை, சுமார் 260 அடிக்கு மேல் நீளமான கப்பல் கடலுக்குப் போக முடியாது. அதனால் அந்த அளவுக்குள்ளேயே கட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் அரசாங்கம் கேட்ட 16 பெரிய தாதுக் கப்பல்களில் ஆறு இவர்களுடையது. 1952-ல் லொரெய்னில் கட்டிய ஆர்தர் எம். ஆண்டர்சன்தான் ஃபிட்ஸ்ஜெரால்டு மூழ்கிய இரவில் பின்னால் வந்துகொண்டிருந்த கப்பல். அதனுடன் கடைசியாக ரேடியோவில் பேசியது ஆண்டர்சன்தான். கரை சேர்ந்த பிறகு, அந்தப் புயலிலேயே திரும்பப் போய்த் தேடியதும் அதுதான்.

லொரெய்ன் பற்றி இன்னொரு விஷயம். எழுத்தாளர் டோனி மாரிசன் பிறந்த ஊர் அது. அவருடைய அப்பா கப்பல் தளத்தில் வெல்டராக வேலை செய்தவர். ஒருநாள் பிசிறே இல்லாமல் ஒரு பற்றவைப்பு அமைந்துவிட்டது என்று அதன்மேல் தன் பெயரைப் பொறித்தாராம். அதுதான் யார் கண்ணிலும் படாதே என்று மகள் கேட்டதற்கு, எனக்குத் தெரியுமே என்றாராம். மாரிசன் இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 'தரம்' என்று நாம் சொல்வது கடைசியில் இப்படி ஒரு ஆளிடம்தான் இருக்கிறது.

நன்னீர் செய்த உபகாரம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கடலில் ஓடும் சரக்குக் கப்பலின் ஆயுள் பொதுவாக 25, 30 வருடம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் துருப்பிடிக்கிற வேதிவினை வேகமாக நடக்கும். கெமிஸ்ட்ரி லேபில் ஆணியை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

ஏரியில் உப்பு இல்லை. துரு மெதுவாகத்தான் வரும். கடல் மாதிரி அடியில் சிப்பிக் கூட்டம் அப்பிக்கொள்ளும் தொல்லையும் அந்தக் காலத்தில் கிடையாது. அதோடு குளிர்காலத்தில் தண்ணீர் உறைவதால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை சூ நீர்ப்பூட்டை மூடிவிடுவார்கள். கப்பலுக்கு வருடா வருடம் லீவு. அப்போது பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்டிவிடலாம்.

விளைவு? 1906-ல் கட்டிய ஒரு கப்பல், கடைசியில் செயின்ட் மேரிஸ் சேலஞ்சர் என்ற பெயரில், 2013 வரை சொந்த எஞ்சினில் ஓடியது. 107 வருடம்! அதற்குப் பிறகும் உடைக்கவில்லை, எஞ்சினைக் கழற்றிவிட்டு சரக்கு மிதவையாக (பார்ஜ்) மாற்றினார்கள். ஆண்டர்சனுக்கு 2022-ல் 70 வயது ஆனபோதும் அது தாது சுமந்துகொண்டிருந்தது.

ஒருவேளை நீளம் போதவில்லையா? அதற்கும் வழி உண்டு. 1975-ல் ஆண்டர்சனை நடுவில் குறுக்காக வெட்டி, 120 அடித் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டினார்கள். 647 அடி 767 அடியானது. பிறகு 1982-ல் சரக்கைத் தானே இறக்கும் கன்வேயர் பெல்ட் வைத்தார்கள். பாவாடை குட்டையாகிவிட்டால் கீழே கரை வைத்துத் தைப்பார்களே, அப்படி. புதுசு வாங்கவே வேண்டாம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானை வைத்திருப்பவனுக்கு அது சரி. யானை விற்பவனுக்கு? ஒருமுறை விற்றால் அறுபது வருடத்துக்கு அந்த வாடிக்கையாளர் கடைப்பக்கமே வரமாட்டார்.

ஒரு சின்னக் கணக்கு

இது நானே புரிந்துகொள்ளப் போட்ட கணக்கு, யாருடைய புள்ளிவிவரமும் அல்ல. ஏரியில் எப்போதும் 100 கப்பல் தேவை என்று வையுங்கள். ஒவ்வொன்றின் ஆயுளும் 25 வருடம் என்றால், வருடத்துக்கு 4 புதுக்கப்பல் கட்டியாக வேண்டும். தளம் ஓடும். ஆயுள் 60 வருடம் என்றால், வருடத்துக்கு இரண்டுகூட வராது.

இதற்குமேல் கப்பலும் பெரிதாகிறது. 1906 வாக்கில் வந்த 600 அடிக் கப்பல் சுமார் 12,000 டன் சுமந்தது. 1969-ல் சூவில் 1,200 அடி நீளம், 110 அடி அகலத்தில் புதிய போ நீர்ப்பூட்டு திறந்ததும் ஆயிரம் அடிக் கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றும் 60,000 டன்னுக்கு மேல். அதாவது ஐந்து பழைய கப்பலின் வேலையை ஒரே கப்பல் செய்யும். அப்படியானால் 100 கப்பல் இருந்த இடத்தில் 20 போதும். 20 கப்பல், 60 வருட ஆயுள். மூன்று வருடத்துக்கு ஒரு ஆர்டர். அதையும் இரண்டு மூன்று தளங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்!

எவ்வளவு நன்றாகக் கட்டினார்களோ அவ்வளவு வேகமாகத் தங்கள் சந்தையைத் தாங்களே காலி செய்தார்கள்.

ஜோராக எரிந்த கடைசி விளக்கு

அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்கள். 1970-ல் வந்த வணிகக் கப்பல் சட்டம் ஏரிக் கப்பல் முதலாளிகளுக்கும் வரிச்சலுகை தந்தது. ஆர்டர்கள் குவிந்தன. ஏரிகளில் மொத்தம் 13 ஆயிரம் அடிக் கப்பல்கள் கட்டப்பட்டன. அதில் ஐந்து லொரெய்னில் பிறந்தவை: ஜேம்ஸ் ஆர். பார்க்கர், மெசாபி மைனர், ஜார்ஜ் ஏ. ஸ்டின்சன், எட்கர் பி. ஸ்பீர், 1981-ல் வந்த வில்லியம் ஜே. டிலான்சி. கடைசியில் சொன்னது 1,013 அடி 6 அங்குலம். இப்போது பால் ஆர். ட்ரெகர்த்தா என்ற பெயரில் ஓடும் அதுதான் இன்றும் பேரேரிகளின் நீளமான கப்பல்.

இந்தப் பெருமைக்கு விலையும் கொடுத்தார்கள். 1971 ஜூனில் ரோஜர் ப்ளோ என்ற கப்பல் லொரெய்ன் தளத்தில் கட்டிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலை மறுபடி சரிசெய்து 1972-ல் ஓடவிட்டார்கள். கப்பலுக்கு அதிகாரியின் பெயர். இறந்த நால்வரின் பெயரை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்?

முதலாளி கதை

1967-ல் கம்பெனி ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் கைக்கு வந்தது. பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1973-ல் ஒரு குழுவோடு சேர்ந்து நியூயார்க் யாங்கீஸ் அணியை வாங்கியவர். அவருடைய குடும்பமே ஏரிக் கப்பல் நடத்திய குடும்பம்.

இவர் நிக்சனின் 1972 தேர்தலுக்குச் சட்டவிரோதமாக நன்கொடை கொடுத்த விவகாரத்தில் மாட்டினார். ஊழியர்களுக்குப் போனஸ் கொடுப்பதுபோல் கணக்கில் காட்டி, அந்தப் பணத்தை அவர்கள் பெயரிலேயே கட்சி நிதிக்குத் திருப்பிவிட்ட கதை. 1974-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 15,000 டாலர், கம்பெனிக்கு 20,000 டாலர் அபராதம். 1989-ல் ரீகன் மன்னிப்பு வழங்கினார். லொரெய்னுக்கு அப்படி ஒரு மன்னிப்பு கிடைக்கவில்லை.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க எஃகுத் தொழில் படுத்துவிட்டது. எஃகு இல்லை என்றால் தாது வேண்டாம், தாது வேண்டாம் என்றால் கப்பல் வேண்டாம். 1983 கடைசியில் லொரெய்ன் தளத்தை மூடுவதாக அறிவிப்பு வந்தது. நிர்வாகம் கூலியையும் தொழிற்சங்கத்தையும் காட்டியது. தொழிலாளர்கள் நிர்வாகத்தைக் காட்டினார்கள். கம்பெனி தெற்கே ஃப்ளோரிடாவில் தம்பா என்ற ஊரில் தனக்கிருந்த தளத்துக்கு, அதாவது உப்புத் தண்ணீருக்கு, முழுசாகக் குடிபோனது. அங்கே வேறொரு கம்பெனி பாதியில் விட்ட இரண்டு கடற்படை எண்ணெய்க் கப்பல்களை 1989-ல் எடுத்துக்கொண்டது. முடிக்க முடியவில்லை. 1993-ல் கடற்படை ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அதே வருடம் கம்பெனி திவால். அந்த இரண்டு கப்பலும் ஒருநாள்கூட வேலை செய்யாமல் 2011-ல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. நன்னீரில் சாகாத கப்பல் கட்டிய கம்பெனி, உப்பு நீரில் பிறக்காத கப்பலோடு முடிந்தது.

யார் குற்றம்?

வழக்கமாக இப்படி ஒரு ஆலை மூடினால் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, வெளிநாட்டுப் போட்டி. இங்கே அது நேரடியாகப் பொருந்தாது. 1920-ன் ஜோன்ஸ் சட்டப்படி அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும். ஜப்பானோ கொரியாவோ உள்ளே வரவே முடியாது. வெளிநாட்டு எஃகு அடித்தது உண்மை, வெளிநாட்டுக் கப்பல் அடிக்கவில்லை. முழுப் பாதுகாப்பு இருந்தும் கம்பெனி செத்தது. சுவர் எழுப்பினால் தொழில் பிழைக்கும் என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாவது பதில், தொழிற்சங்கம். கூலி அதிகம்தான், தகராறும் இருந்ததுதான். ஆனால் கூலியைப் பாதியாகக் குறைத்திருந்தாலும், ஏரியில் புதுக்கப்பல் தேவைப்படாத ஒருவர் அதை வாங்கியிருப்பாரா? டிலான்சிக்குப் பிறகு 40 வருடத்துக்கு வேறு எந்தத் தளத்துக்கும் அந்த அளவில் ஆர்டர் வரவில்லை. 2022-ல்தான் மார்க் டபிள்யூ. பார்க்கர் என்ற 639 அடிக் கப்பல் புதிதாக வந்தது. அவ்வளவு வருடமும் அந்த 13 கப்பல்களில் ஒன்றுகூடப் பழைய இரும்புக்குப் போகவில்லை.

அப்படியானால் குற்றம் தரத்தின் மேலா? சீக்கிரம் கெடுகிற மாதிரி செய்திருக்க வேண்டுமா? இன்று செல்போன் விற்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பேட்டரியைக் கழற்ற முடியாமல் ஒட்டுகிறார்கள். இரண்டு வருடத்தில் 'பழசாகிவிட்டது' என்று நம்மையே நம்ப வைக்கிறார்கள். வியாபாரமாகப் பார்த்தால் புத்திசாலித்தனம். ஆனால் பற்றவைப்பில் பெயர் பொறித்த அந்த மனிதரிடம் போய், கொஞ்சம் சுமாராகச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் கருத்து இதுதான். தப்பு தரத்தில் இல்லை. 'கட்டுவது' மட்டும்தான் தொழில், 'காப்பது' தொழில் இல்லை என்ற நினைப்பில் இருக்கிறது. சாகாத கப்பலுக்கு வருடா வருடம் வைத்தியம் வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உலர்துறையில் ஏற்றி அடிப்பாகத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. எஞ்சின் மாற்ற வேண்டும். தகடு மாற்ற வேண்டும். ஆண்டர்சனுக்கு நடுத்துண்டு செருகிய வேலை லொரெய்னுக்கு வரவில்லை, சுப்பீரியர் ஊரிலுள்ள ஃப்ரேஸர் தளத்துக்குப் போனது. ஆயிரம் அடிக் கப்பல்களில் ஆறைக் கட்டிய விஸ்கான்சினின் பே ஷிப்பில்டிங் தளம் அதே எஃகுச் சரிவைத்தான் சந்தித்தது. ஆனால் அது குளிர்காலப் பழுது வேலையைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்தது. 2022-ல் அந்தப் புதுக்கப்பலைக் கட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்களேதான். நாற்பது வருடம் பழுது பார்த்த கைகளுக்குத்தான் புதிதாகக் கட்டவும் தெரிந்திருந்தது.

ஏரியில் எத்தனை பழுதுபார்க்கும் தளங்களுக்கு வேலை இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லொரெய்னில் முன்பு வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அது சோறு போட்டிருக்காது. ஆனால் ஒருவருக்கும் போடாத முடிவைவிட, பாதிப் பேருக்காவது போட்ட முடிவு மேல். தாது வரும் வழியிலேயே, ஆயிரம் அடிக் கப்பலைக் கட்டிய தளத்தையே வைத்துக்கொண்டு, அந்த வழியை முயற்சி செய்யாமல் உப்புத் தண்ணீருக்கு ஓடியதைத்தான் நான் குற்றம் என்கிறேன். அந்தத் தளம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள் கட்டியிருக்கிறார்கள். ஊரில் இருந்த ஃபோர்டு கார் ஆலையும் 2005-ல் மூடிவிட்டது.

நம்மிடமும் இந்தப் புத்தி இல்லாமல் இல்லை. புதுப் பாலம் கட்டினால் கல்வெட்டில் பெயர் உண்டு, பழைய பாலத்தைப் பழுது பார்த்தவருக்குக் கல்வெட்டு கிடையாது. நம் வகுப்பிலும் 'டிசைன்' என்றால் எல்லோரும் கை தூக்குகிறோம். 'மெயின்டனன்ஸ்' வேலை கிடைத்தால் வீட்டில் சொல்லவே கூச்சப்படுகிறோம். நாளைக்கு நம்மில் பலர் செய்யப்போவது என்னவோ அந்த இரண்டாவது வேலையைத்தான்! அதில் ஒன்றும் கேவலம் இல்லை. லொரெய்னில் செய்த ஐந்து கப்பலும் இத்தனை வருடம் மிதந்ததற்குக் காரணம் கட்டியவர் பாதி, ஒவ்வொரு குளிர்காலமும் சுத்தியலோடு உள்ளே இறங்கியவர் பாதி.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அறுபது வருடம் உழைக்கிற பொருளைச் செய்கிற கம்பெனி பிழைக்க வேறு வழி இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம் :-)